யானை முழத்தில் வைத்த தீவனம்

ஒரு காட்டில் ஓர் எருமைக் குடும்பம் இருந்தது. எந்தக் காடு என்று கேட்காதீர்கள். மழைக்காலம் வந்தால் எல்லாக் காட்டிலும் இதே கூத்துதான். ஓடை பெருகும், புல்வெளி தண்ணீருக்குள் போகும், மேய ஒன்றும் மிஞ்சாது.

மனைவி பெயர் அங்காயி. நிறைசினை. கணவன் பெயர் சடையன். கொம்பு பெரிசு. அவனைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை.

அங்காயியின் முதல் கன்று கொட்டுகிற மழையில் வெட்டவெளியில் பிறந்தது. குளிரில் விறைத்துச் செத்துப்போனது. அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கொட்டகை போட்டார்கள். இந்தக் கன்றாவது காய்ந்த தரையில் பிறக்க வேண்டும், அதற்குப் பால் சுரக்க வீட்டில் தீவனமும் இருக்க வேண்டும். அங்காயி கேட்டது இவ்வளவுதான்.

சடையன் தீவன டெப்போவுக்குப் போனான். மழைக்காலம் முழுவதற்கும் தேவையான தீவனத்தை மொத்தமாகச் சொல்லிவிட்டு வந்தான். டெப்போ யானை மாதங்கன் தானே மூட்டைகளைச் சுமந்துகொண்டு வந்து இறக்கினார். தவிடு, கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை. வாசனைக்கே அங்காயிக்கு எச்சில் ஊறியது.

"பொறு, பொறு," என்றார் மாதங்கன். "வாங்குறது பெரிசில்ல, வைக்கிறதுதான் பெரிசு. நல்லா கேட்டுக்க. மூட்டை தரையில படக் கூடாது, பலகை மேல வை. ஈரம் ஆகவே ஆகாது, பூசணம் பிடிச்சிடும். பூசணம் பிடிச்சதைத் தின்னா வயிறு போயிடும். அப்புறம், எல்லாச் சுவர்லயிருந்தும் ஒரு முழம் தள்ளி வைக்கணும். சுவர் ஈரம் மூட்டைக்கு வரக் கூடாது."

எல்லாமே நியாயமான பேச்சு. நானும் ஒத்துக்கொள்கிறேன். கோளாறு எங்கே வந்தது என்றால், அங்காயி ஒரு கேள்வி கேட்டாள்.

"யாரு முழம்ண்ணே?"

"இதென்ன கேள்வி? என் முழம்தான்."

கோயில் வாசலில் பூ விற்கிறவர்கள் முழம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கை தானாகச் சுருங்கும். மாதங்கன் நேர் எதிர். தும்பிக்கையை நீட்டினார், நுனியையும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார். "இது ஒரு முழம்," என்றார்.

அந்தக் கணக்குப்படி அடுக்கினார்கள். நாலு பக்கமும் ஒரு யானை முழம் விட்டதில், மூட்டை எல்லாம் கொட்டகைக்கு நட்டநடுவில் கோபுரம் மாதிரி கூரை வரை போய் நின்றது.

"அப்ப நான் எங்க படுக்க?" என்றாள் அங்காயி. "சுத்தி விட்ட இடத்துல படுத்துக்கட்டுமா?"

"அது காத்துக்கு விட்ட இடம்."

"காத்து படுக்குமா?"

"எருமை மூச்சு இருக்கே, அவ்வளவும் ஈரம்மா. நீ உள்ள படுத்தா மூட்டை வேர்க்கும்."

சடையன் குறுக்கே வந்தான். "பெரியவர் சொன்னா சொன்னபடிதான். நமக்கு என்ன புள்ள? எருமைக்கு என்ன மழை?"

"எனக்கு ஒண்ணுமில்லய்யா. வயித்துல இருக்கிறதுக்கு?"

சடையனுக்கு அது காதில் விழவில்லை. மாதங்கன் அவனைத் தீவனப் பாதுகாப்பு என்ற வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

மழை பிடித்தது. தீவனம் கூரைக்கடியில். தீவனம் தின்ன வேண்டியவர்கள் வேலிப் பக்கத்தில். தினமும் ஆளுக்கு ஒரு வாய் எடுத்து வருவதற்குக்கூட, சடையன் உடம்பை உதறி, காலைத் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போவான். வரும்போது மூட்டையை ஒரு போட்டோ எடுப்பான். குரூப்பில் 'இனிய காலை வணக்கம்' என்று போடுவான். உடனே கட்டைவிரல்கள் வந்து குவியும். காட்டில் பாதிப் பேருக்குக் கட்டைவிரலே கிடையாது, ஆனாலும் வரும்.

ஓர் எலி மட்டும் அந்த இடைவெளியில் சாவகாசமாக நடந்து போனது. "ரோடு நல்லா அகலமா போட்டிருக்கீங்கண்ணே," என்று சடையனிடம் சொல்லிவிட்டுப் போனது. சடையனுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு மத்தியானம், மழை சாத்திக்கொண்டிருக்கும்போது, அங்காயிக்கு வலி எடுத்தது.

"ஏய்யா, வலி வந்திருச்சு. நான் உள்ள போறேன்."

"கொஞ்சம் பொறு புள்ள. மழை விட்டுடும்."

"அதை வலிகிட்டச் சொல்லு."

"முழுக்க நனைஞ்சிருக்க. இப்படியே போனா புண்ணாக்கு என்னத்துக்கு ஆகும்? இரு, குரூப்ல ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

அவன் டைப் அடித்தான். 'பிரசவத்துக்கு ஏதாவது தளர்வு உண்டா அண்ணே?' எருமைக் குளம்பால் டைப் அடிப்பது லேசில்லை. 'பிரசவத்துக்கு' என்பதே நாலு தடவை தப்பாக வந்தது. மாதங்கன் பார்த்துவிட்டதற்கு நீலக் குறி விழுந்தது. பதிலைக் காணோம்.

அங்காயி காத்திருக்கவில்லை. தலையைத் தாழ்த்தினாள். கொட்டகைக்குள் போனாள். நெற்றியைக் கோபுரத்தில் முட்டுக்கொடுத்து ஒரே தள்ளு. பலகை கிறீச்சிட்டுக்கொண்டே நகர்ந்தது.

"முழம்! முழம்!" என்று சடையன் வாசலில் குதித்தான். "சுவர்கிட்டப் போகுது! ஒரு முழம் விடணும்!"

"யாரு முழம்?" என்றாள் அங்காயி, மூச்சு வாங்க.

"யானை முழம்!"

"பின்னால வந்து பாரு. உன் புள்ளையோட முன்னங்கால் வெளிய வந்திருச்சு. முழம் போடணும்னா அதுல போடு."

சடையன் போய்ப் பார்த்தான். உண்மையாகவே ஒரு சின்னக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். அந்தக் கணக்குக்கு இடைவெளி சரியாகவே இருந்தது.

கன்று காய்ந்த தரையில் பிறந்தது. பெண் கன்று. தும்மியது, எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்து மடியைத் தேடியது. அங்காயி வழித்து வழித்து நக்கினாள்.

சடையன் எட்டிப் பார்த்தான். அவன் சொன்ன முதல் வார்த்தை இது: "ரொம்ப ஈரமா இருக்கே. மூட்டைகிட்ட விடாத."

இத்தோடு முடித்தால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. சுவருக்குக் கிட்டப் போன ஒரு தவிட்டு மூட்டையில் பூசணம் பிடித்தது. மாதங்கன் சொன்னது சரிதான். அந்த மூட்டையை அங்காயி வாயில் வைக்கவில்லை, முட்டி வெளியே உருட்டிவிட்டாள். மீதி மூட்டைகள் நன்றாகவே இருந்தன. அவள் வயிறாரத் தின்றாள். பால் சுரந்தது.

பூசண மூட்டையின் போட்டோ குரூப்பில் போன மறுநிமிஷம் காடே திரண்டு வந்தது. முயல் மூக்கைப் பொத்திக்கொண்டது. கரடி செல்ஃபி எடுத்தது. மாதங்கன் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வகுப்பே நடத்தினார். "பார்த்துக்கங்க. ஒரு முழம் விடலன்னா இதுதான் கதி."

"நான் அப்பவே சொன்னேன்," என்றான் சடையன். "கேட்டாளா?"

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். உள்ளே கன்று முதல் தடவையாகத் துள்ளிக் குதித்தது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நீதி: தீவனத்தைத் துளிகூட ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். வீட்டில் அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை என்றால் வீட்டுக்காரரின் நெஞ்சில் வைக்கவும்.