இருபத்துமூன்றாம் பக்கமும் சம்பந்தியின் மோட்டாரும்

கொல்லிமலை அடிவாரம்,
சத்திரம்,
6-8-1938

ம.ரா.ரா.ஸ்ரீ பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, ராசிபுரம் பென்ஷன்தாரர் நல்லமுத்து எழுதிக்கொண்டது.

இவ்விடம் என் சரீரம் க்ஷேமம். மனம் க்ஷேமமில்லை, அதற்குக் காரணம் தாங்கள். அவ்விடம் தங்கள் க்ஷேமத்தை விசாரிப்பது மரியாதை என்பதால் விசாரித்துவிட்டேன். பதில் எழுத வேண்டியதில்லை.

நான் முப்பது வருஷம் பத்திரப் பதிவு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன். ஆயிரக்கணக்கான பத்திரங்களைப் படித்து, ஆயிரக்கணக்கான பெருவிரல்களில் மை தடவி ரேகை வாங்கியவன். வாயால் சொன்னதை நம்பாதே, எழுத்தில் இருப்பதை நம்பு என்றே வாழ்ந்துவிட்டேன். கையால் எழுதியதையே நம்புகிறவன் அச்சில் ஏறியதை நம்பாமல் இருப்பேனா? நம்பினேன். நம்பித்தான் இன்று சத்திரத்து வாசலில் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகளைத் திருச்செங்கோடு காளியண்ணன் மகனுக்குக் கொடுப்பதாக நிச்சயமாகி, ஆவணியில் கல்யாணம். சம்பந்தி காளியண்ணனிடம் ஒரு கறுப்பு மோட்டார் இருக்கிறது. அதன் கதவில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம், அவ்வளவு மெருகு. ஆடிப் பதினெட்டுக்கு மலைமேல் அறப்பளீசுவரருக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது என்று என் சம்சாரம் பொன்னம்மாள் சொன்னதும், அடிவாரம் வரை போய்வர அந்த மோட்டாரையே டிரைவரோடு அனுப்பிவைத்தார். மனசில்லாமல் கொடுத்தார் என்று சொல்லமாட்டேன். ஆனால் வழியனுப்பிவிட்டு மூன்று தரம் திரும்ப ஓடிவந்து வண்டியைத் தடவிப் பார்த்தார்.

மலைமேல் மோட்டார் ஏறாது, நானும் சம்சாரமும் மகளும் நடைதான். வெயிலில் நின்றால் வர்ணம் வெளுத்துவிடுமே என்ற அக்கறையில் நானே தேடிப் பிடித்து, அடர்ந்த நிழல் உள்ள ஒரு பலாமரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். மூன்று நாள் கழித்து இறங்கிவந்து பார்த்தால், மரத்துக்காரி, மலையிலுள்ள குண்டூர் நாட்டுப் பாவாயி என்கிற அம்மாள், அன்று காலைதான் மரத்தில் பழம் இறக்கியிருக்கிறாள். வெட்டிய காம்பெல்லாம் பால் வடித்து, கூரை, முகப்பு, கதவு என்று ஓர் இடம் பாக்கியில்லை. தொட்டேன், விரல் ஒட்டிக்கொண்டது. டிரைவர் செங்கோடன் எங்கே என்று பார்த்தால் அதே மரத்தடியில் தூங்குகிறான். அவன் மேல் ஒரு சொட்டுக்கூட விழவில்லை ஐயா!

"வேண்டாமுன்னு சொன்னேனுங்க. நெழலு வேணுமுன்னு பெரியவரு சொல்லியிருக்காருன்னு இவருதான் கேக்கலீங்க" என்று அந்தப் பாவாயி செங்கோடனைக் காட்டி என் முகத்துக்கு நேரே சொல்கிறாள். சோர்ந்துபோய்ப் பின்சீட்டில் உட்கார்ந்து, அங்கே கிடந்த தங்கள் ஆடி இதழை எடுத்து விசிறிக்கொண்டு, மனசை ஆற்றுவதற்காக இங்கும் அங்குமாகப் புரட்டிவிட்டு வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில்தான் பொருளடக்கத்தைப் பார்த்தேன். "மோட்டார் வண்டியில் படிந்த மரப்பாலை வர்ணம் கெடாமல் அகற்றும் முறை, பக்கம் 23." அறப்பளீசுவரரே அச்சடித்து அனுப்பியதாக நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். இப்போது அந்தக் கையைத்தான் வெட்டிக்கொள்ளலாமா என்றிருக்கிறது.

பாவாயி அப்போதும் வந்தாள். "ஏனுங்க சாமி, பலாப்பழம் அறுக்கறப்ப கையில என்ன தடவறீங்க? எண்ணெய்தானுங்களே? அதையே வண்டிக்கும் தடவி ஊற வெச்சுத் தொடச்சுப் போடுங்க" என்றாள். நான் இதழை விரித்துக் காட்டி, "அம்மா, இது அச்சில் வந்திருக்கிறது. உனக்குப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன். அவள் பழம் அடுக்கப் போய்விட்டாள்.

இனி தங்கள் குறிப்பு. இருபத்துமூன்றாம் பக்கத்தின் அடியில்: "முதலில் குளிர்ந்த நீரால் தூசியைக் கழுவவும். பிறகு". பக்கத்தைத் திருப்பினால்: "பழம்புளியும் பொடித்த செங்கல்லும் சம அளவு சேர்த்து, தேங்காய் நாரால் பலங்கொண்டமட்டும் தேய்க்கவும். மேலே படிந்த கறுப்பெல்லாம் நீங்கி உள்ளிருக்கும் உலோகம் ஒளிவிடும்." 23க்கு அடுத்த அந்தப் பக்கத்துக்கு 26 என்று எண் வேறு! பக்கத்தை எண்ணத் தெரியாதவர்களுக்குப் பத்திரிகை ஒரு கேடா?

"ஐயா, இது அண்டா இல்லீங்க, மோட்டாருங்க!" என்று செங்கோடன் அழாத குறையாகச் சொன்னான். சொல்லிவிட்டு, முதலாளியிடம் தான் பேச்சு வாங்க முடியாது என்று நாரைக் கீழே போட்டுவிட்டான். நானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முகப்பில் ஆரம்பித்தேன். இரண்டு மணி நேரம். முதலில் பால் போயிற்று. பிறகு மெருகு போயிற்று. பிறகு கறுப்பு போய்ச் சிவப்பு வந்தது. சிவப்பும் போய் வெள்ளைத் தகரம் வந்தது. உள்ளிருக்கும் உலோகம் ஒளிவிடத்தான் செய்கிறது ஐயா, கண் கூசுகிறது! அடுத்த புதன்கிழமை சம்பந்தி வண்டியை எடுத்துப் போக நேரில் வருகிறார். "அவரு பாத்துப்புட்டுக் கல்யாணமே வேண்டாமுன்னு போனா என்னத்தப் பண்றதுங்க?" என்று பொன்னம்மாள் கேட்கிறாள். என் மகள் அந்தத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். அதுதான் என்னைக் கொல்கிறது.

ஆகவே, இந்தக் குறிப்பை எழுதிய மேதாவியை உடனே வேலையை விட்டு நீக்க வேண்டும். இந்தக் கடிதத்தை ஒரு வரி குறைக்காமல், என் பெயர் விலாசத்தோடு, அடுத்த இதழின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வெளியிட வேண்டும். எழுத்தை நம்பி வாழ்ந்தவனை எழுத்தாலேயே கெடுத்த பாவம் தங்களைச் சும்மா விடாது.

தங்களுக்கும் தங்கள் அச்சுக்கூடத்தாருக்கும் அறப்பளீசுவரர் நல்ல புத்தி கொடுத்து, தங்கள் வீட்டு அண்டா குண்டாக்கள் என்றைக்கும் பளபளக்க ஆசீர்வதிக்கும்,

நல்லமுத்து

பி.கு: கடிதத்தைப் பொன்னம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் இதழை வாங்கிப் பார்த்து, "இந்தத் தாளு மட்டும் என்னங்க இத்தனை கனமா இருக்குது?" என்றாள். ஓரத்தில் எண்ணெய் தொட்டுப் பிரித்தாள். ஒரு தாள் இரண்டு தாளாயிற்று. உள்ளே 24, 25 என்று இரண்டு பக்கங்கள் இருந்தன. "நல்லெண்ணெயில் நனைத்த துணியால் ஒற்றி, பால் இளகும்வரை ஊறவிட்டு, மெல்லத் துடைத்தெடுக்கவும். புளியையும் செங்கற்பொடியையும் வண்டியின் அருகில்கூடக் கொண்டுபோகலாகாது" என்று 24ஆம் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறீர்கள். 25இன் அடியில், "மங்கிய பித்தளைப் பாத்திரங்களுக்கு". பக்கங்களை ஒட்டியிருந்தது பலாப்பால், நடுவில் ஒரு பெருவிரல் ரேகை. முப்பது வருஷம் ரேகை பார்த்தவனுக்குத் தன் ரேகை தெரியாதா?

நான் இதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் பாவாயியும் பொன்னம்மாளும் எண்ணெய் போட்டு மற்ற இடமெல்லாம் துடைத்துவிட்டார்கள். முன்னைவிட மினுங்குகிறது. முகப்பு மட்டும் தகரம். பாவாயியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதுல என்ன இருக்குதுங்க, அச்சுல இருந்துச்சுங்களா இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டாள். இருந்தது என்று ஒப்புக்கொண்டேன்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் நடந்தது முழுக்கத் தெரிந்தால்தானே தாங்கள் மருந்து சொல்ல முடியும், மறுபடி முதலிலிருந்து எழுத எனக்குத் தெம்பில்லை. போன வர்ணம் புதன்கிழமைக்குள் திரும்ப வர ஏதாவது வழி இருந்தால் அடுத்த தபாலில் அவசியம் பதில் எழுதவும். யாரையும் வேலையை விட்டு நீக்க வேண்டாம். கடிதத்தை மட்டும் தயவுசெய்து வெளியிட்டுவிடாதீர்கள். சம்பந்தி தங்கள் சந்தாதாரர். பிரித்த பக்கத்தின் ஓரத்தில் அவருடைய பென்சில் எழுத்து இருக்கிறது: "மலையடிவாரத்தில் பலாமரம் அதிகம். சம்பந்திக்காகவே இந்த இதழை வண்டியில் வைத்திருக்கிறேன். அவசியம் படிக்கவும்."

புதன்கிழமை வந்து இறங்கியதும் அவர் கேட்கப்போகிற முதல் கேள்வி, படித்தீர்களா என்பதுதான்.