காணாமல் போன இடுப்பு வலி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்டக்டர் கர்ணனின் இடுப்பு வலி போய்விட்டது. மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் தேனியில் மெடிக்கல் போர்டு. இருபது வருஷம் பஸ்ஸில் நின்று தேய்ந்த இடுப்பைக் காட்டி, டிப்போவில் உட்கார்ந்த வேலை கேட்டு ஆறு மாதம் முன்பே மனுப் போட்டிருந்தார். மேலிடம் இப்போதுதான் மனமிரங்கி, ‘திங்கள் பத்து மணிக்கு ஆஜராகவும்’ என்று ஒற்றை வரியில் கடிதம் அனுப்பியிருந்தது.

எல்லாம் மச்சினன் பாண்டீஸ்வரன் செய்த உபகாரம். மாமா படும் பாடு பொறுக்காமல் குமுளிக்குக் கூட்டிப்போய்விட்டான். அங்கே வைத்தியர் சூடாகத் தைலம் ஊற்றி, உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதுகில் ஏறி மிதித்த மிதியில், கர்ணனுக்குக் கல்யாணத்தன்று இருந்த உடம்பு திரும்பிவிட்டது.

“மாமா, மாப்பிள்ளை கணக்கா நடக்குறீகளே!”

“ஏலே, வலியில்லேன்னா நாற்காலி போச்சுடா! நாளைக்குப் போர்டுல போயி டான்ஸா ஆடச் சொல்ற?”

“ஏழு நாளைக்குக் கனம் தூக்கக்கூடாதுன்னு வைத்தியர் சொன்னாக. மறுபடி வலி பிடிச்சுக்கிருமாம்.”

“அப்படியா? இப்பவே தூக்குறேன், வா.”

சுருளிப்பட்டியில் மச்சினனின் தோட்டத்தில் இருபது பெட்டி திராட்சையை லாரியில் ஏற்றினார். நல்ல பசிதான் எடுத்தது. வெறும் சிமெண்டுத் தரையில் படுத்தார். பெயருக்கு முன்னால் ‘கும்ப’ சேர்க்கிற அளவுக்குத் தூங்கினார். காலையில் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து தேனி வரை குலுங்கிக்கொண்டே போனார். மிச்சமிருந்த பிடிப்பும் அதில் விட்டுப்போனது.

“நீ நல்லாயிருப்பியாடா வைத்தியா?” என்று வாய்விட்டே திட்டினார்.

இனி நடிப்புதான் கதி. டாக்டர் முன்னால் வில்லாக வளைந்து நின்றார்.

“குனிஞ்சு காலைத் தொடுங்க.”

“ஆத்தாடி! குனிஞ்சா அங்கனயே விழுந்துருவேன் சார்.”

“படி ஏறுவீங்களா?”

“பொண்டாட்டி தோளைப் பிடிச்சுத்தான் ஏறுறேன்.”

சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் நாற்காலி ஆசை யாரை விட்டது?

டாக்டர் பாவப்பட்டு ‘உடல் தகுதி இல்லை’ என்று எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார். துள்ளிக் குதிக்கத் தோன்றிய காலை அடக்கி, கர்ணன் நொண்டிக்கொண்டே வெளியே வந்தார்.

வாசல் மேசையில் அட்டெண்டர் இருதயம் அந்தச் சீட்டை வாங்கி, டிப்போவிலிருந்து வந்த காகிதத்தோடு வைத்துப் பார்த்தார். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டார்.

“அட என்னண்ணே, கெடுத்துட்டீகளே! மனுவை ஏத்துக்கிட்டு ஒங்களை டைம்கீப்பராக்கி நாற்காலியில உக்கார வைக்கத்தான, அந்த வேலைக்கு ஒடம்பு திடமா இருக்கான்னு பாக்கச் சொல்லி அனுப்பியிருக்காக!”