பதினான்கு மட்டைகளையும் அள்ளிக்கொண்டு போ

கெட்டில் க்ரீக், ஆரிகன்
ஜூலை 15, செவ்வாய்

அன்புள்ள மச்சான் மெர்வினுக்கு,

லீலண்ட் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா கோரினும் நல்ல சுகம். அங்கே நீ, உன் முதுகு, உன் பிக்கப் வண்டி, மூவரும் சுகம்தானே? முதுகையும் வண்டியையும் தனியாக விசாரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை நீ வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, என் கராஜில் இருக்கும் கோல்ஃப் பை, அதிலுள்ள பதினான்கு மட்டைகள், மூன்று சக்கரத் தள்ளுவண்டி, இரட்டைக் குடை, தூரம் பார்க்கும் கருவி, சரிவு பார்க்க நான் வைத்திருக்கும் ரசமட்டம், யோசிக்கும்போது உட்கார்ந்துகொள்கிற மடக்கு நாற்காலி, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட வேண்டும். எங்கள் கல்யாணத்துக்கு நீ கொடுத்த மட்டைகள்தான் அவை. முப்பத்தெட்டு வருஷம் கழித்துப் பரிசைத் திருப்பித் தருகிறானே என்று கோபித்துக்கொள்ளாதே. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அறுபத்தேழு வயதில் ஓட ஆரம்பித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரி. ஆனால் கதையை முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரி.

நான் எப்படி கோல்ஃப் ஆடுவேன் என்பது உனக்குத் தெரியும். முப்பது வருஷம் சர்வேயராக இருந்தவனுக்கு அளக்காமல் எதையும் அடிக்க வராது. பந்துக்கும் குழிக்கும் நடுவே நடந்து பார்ப்பேன், திரும்பி வந்து பார்ப்பேன், ரசமட்டத்தை வைப்பேன், நாற்காலியில் உட்காருவேன், பிறகு எழுந்து அடிப்பேன். பதினெட்டுக் குழி முடிக்க ஐந்தேகால் மணி நேரம். எனக்குப் பின்னால் ஆட வருகிறவர்கள் சாண்ட்விச் கட்டிக்கொண்டு வருவார்கள். உன் அக்கா கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை என்னோடு ஆட வந்தாள். ஏழாவது குழியில் ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள், பதினாறாவதில் கழுத்துப் பட்டியை முடித்தாள், அதற்குப் பிறகு வரவே இல்லை. அந்த ஸ்வெட்டர் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இரண்டு வருஷம் முன்னால் பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஓய்வு பெற்றாள் அல்லவா? அப்போதுதான் இந்த ஓட்ட கோல்ஃப் அவளைப் பிடித்துக்கொண்டது. ஒன்றும் சிக்கலான விஷயம் இல்லை. கையில் நாலைந்து மட்டைகளோடு ஓடவேண்டும், பந்தைக் கண்டதும் நின்று அடிக்கவேண்டும், மறுபடி ஓடவேண்டும். கடைசியில் அடித்த அடிகளையும் ஆன நிமிஷங்களையும் கூட்டினால் அதுதான் கணக்கு. குறைவாக இருப்பவர் ஜெயித்தார். என் பழைய ஆட்டத்தை இந்த வகையில் கூட்டிப் பார்த்தேன். நூற்றிரண்டு அடி, முந்நூற்றுப் பதினைந்து நிமிஷம், ஆக நானூற்றுப் பதினேழு. உன் அக்காவின் கணக்கு நூற்றைம்பத்தெட்டு.

மற்றவர்கள் வருவதற்குள் ஆடி முடிக்கவேண்டும் என்பதால் இவர்கள் காலை ஆறு மணிக்கே மைதானத்தில் இறங்கிவிடுவார்கள். நான் எழுந்திருக்கும்போது பக்கத்தில் தலையணைதான் இருக்கும். அவள் குளித்துவிட்டு வரும்போது நான் ஒன்பது மணி ஆட்டத்துக்குக் கிளம்பியிருப்பேன். நான் இரண்டேகாலுக்குத் திரும்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். வேலைக்குப் போன காலத்தில்கூட நாங்கள் இதைவிட அதிகமாகப் பேசிக்கொண்டோம், மெர்வின். இத்தனைக்கும் நடுவில் ஒரு பல் டாக்டர் வேறு. பெலட்டியர் என்று பெயர், என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர், குட்டைக் கால்சட்டை போட்டுக்கொண்டு மான் மாதிரி ஓடுவார். ஆகஸ்டில் நடக்கும் ஜோடிப் போட்டியில் உன் அக்காவுக்கு அவர்தான் ஜோடி. இரண்டு வருஷமாகக் கோப்பை அவர் பல் பிடுங்கும் அறையில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே நான் வாயைத் திறந்து வைத்திருக்கவேண்டும்.

பொறாமையா என்று கேட்பாய். கொஞ்சம் இருந்தது. ஆனால் அதைவிட, என் பெண்டாட்டியைப் பார்க்கவேண்டும் போல இருந்தது. அதுதான் உண்மை.

ஆகவே மே மாதத்தில் பர்னடீனைப் போய்ப் பார்த்தேன். உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவள், இந்தக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி, விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி யாரும் பார்த்ததில்லை. "ஜோடிப் போட்டியில நான் கோரினோட ஓடணும்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஜூலை பன்னெண்டு, சனிக்கிழமை, தகுதி ஆட்டம். நூத்தியெண்பதுக்குக் கீழ வந்தா யாரோட வேணும்னாலும் ஓடு. இப்ப உன் கணக்கு எவ்வளவு?" என்றாள். சொன்னேன். விசில் வாயில் இருந்ததால் சிரிப்பு விசிலாக வந்தது.

மறுநாள் ஆறு மணிக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் நின்றேன். உன் அக்கா பார்த்தாள். "லீலண்ட், ஊரைக் காலி பண்ணிட்டுப் போறியா?" என்றாள். பதினான்கில் ஐந்தை மட்டும் உருவிக் கையில் கொடுத்தாள். ஐந்து மட்டைகளை வைத்துக்கொண்டு எப்படி அடிப்பது? நாலைப் புல்லில் போட்டுவிட்டு ஒன்றால் அடிக்கவேண்டும், பிறகு நாலையும் பொறுக்கிக்கொண்டு ஓடவேண்டும். நான் அடித்த சந்தோஷத்தில் பொறுக்க மறந்து ஓடினேன். ஐந்தாவது குழிக்கு வரும்போது கையில் பந்தை உருட்டுகிற மட்டை மட்டும்தான் இருந்தது. குழியோ முந்நூறு கஜம் தள்ளி. அதாலேயே தட்டித் தட்டி ஓட்டிக்கொண்டு போனேன், பன்றி மேய்க்கிறவன் போல. பின்னால் பல் டாக்டர் என் மட்டைகளை விறகுக் கட்டாகச் சுமந்துகொண்டு வந்தார். "உங்களுதுதானே? வலி ஒண்ணும் இல்லையே?" என்றார். பழக்க தோஷம்.

இன்னொரு நாள் ஓட்டத்திலேயே அடிக்கப் பார்த்து வாத்துக் கூட்டத்துக்குள் பந்தை விட்டேன். இந்த ஊர் காட்டு வாத்துகளுக்கு மரியாதை தெரியாது. என் மிக வேகமான ஓட்டம் அன்றைக்குத்தான் பதிவானது, ஆனால் குழிக்கு எதிர்த் திசையில். ஆறே முக்காலுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் தாமாகவே திறந்துகொள்ளும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பதினோராவது குழியின் நடுவில் நின்று தெரிந்துகொண்டேன். கண்ணாடி நனைந்து, கண் தெரியாமல், ஒரு வெள்ளைக் காளானை ஓங்கி அடித்தேன். அருமையான அடி, நேராகப் போனது. ஜூன் கடைசியில் நூற்றொன்பது அடி, தொண்ணூற்றாறு நிமிஷம், ஆக இருநூற்று ஐந்துக்கு வந்து சேர்ந்தேன். இன்னும் இருபத்தாறு குறையவேண்டும். தினமும் சாப்பாட்டு மேஜையில் பென்சிலை வைத்துக்கொண்டு எங்கே குறைப்பது என்று கணக்குப் போட்டேன். "ஓடுறதுக்குக் கூட உட்கார்ந்து யோசிக்கிற ஒரே ஆளு நீதான்" என்று உன் அக்கா உருளைக்கிழங்கைத் தட்டில் போட்டாள்.

பன்னிரண்டாம் தேதி வந்தது. பர்னடீன் விசில் ஊத, ஓடினேன். அன்றைக்கு ஒரு அதிசயம் நடந்தது. சரிவைப் பார்க்க உட்கார்ந்தால் நிமிஷம் போகும், அளந்தால் நிமிஷம் போகும், அதனால் எதையும் பார்க்காமல் போன வேகத்தில் அடித்தேன். பந்து போகவேண்டிய இடத்துக்குப் போனது! முப்பது வருஷமாக ரசமட்டம் வைத்து நான் என்னத்தைக் கண்டேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. மூச்சு வாங்கியது, முழங்கால் முனகியது, ஆனாலும் நெஞ்சுக்குள் பாட்டுதான். பன்னிரண்டாவது குழியில் மட்டும் பந்து பிளாக்பெர்ரிப் புதருக்குள் புகுந்துவிட்டது. நானும் புகுந்தேன், அடித்தேன், வெளியே வந்தேன், ஓடினேன். பதினெட்டாவது கொடியைத் தாண்டி விழுந்தபோது பர்னடீன் கடிகாரத்தை அமுக்கினாள். எங்கள் வழக்கப்படி அடிகளை அவரவரே எண்ணிச் சொல்லவேண்டும். தொண்ணூற்றேழு என்றேன். நிமிஷம் எண்பத்திரண்டு. நூற்றெழுபத்தொன்பது!

எல்லோரும் கைதட்டினார்கள். உன் அக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அத்தனை பேர் முன்னால் அவள் என்னைக் கட்டிக்கொண்டது, நம்ம ஊர் சர்ச் வாசலில் கல்யாணத்தன்று, அதற்குப் பிறகு இப்போதுதான். பிறகு என் முழங்கையைப் பிடித்துத் திருப்பினாள். "இவ்ளோ பெரிய முள்ளு! எங்க குத்துச்சு?" என்று பிடுங்கினாள்.

முள் வெளியே வந்தது, கூடவே ஞாபகமும் வந்தது. அந்தப் புதருக்குள் நான் ஒரு தடவை அடிக்கவில்லை, மெர்வின். இரண்டு தடவை. முதல் வீச்சு பந்தின்மேல் படவே இல்லை, இலையைச் சீவிக்கொண்டு போனது. பந்து நகராவிட்டாலும், அடிக்க நினைத்து வீசினால் அது ஒரு அடிதான். பார்த்தது ஒரே ஒரு முயல்.

"பர்னடீன், ஒண்ணு விட்டுப்போச்சு" என்றேன்.

"என்ன, தொப்பியா?"

"ஒரு அடி. புதருக்குள்ள."

பல் டாக்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அட விடுங்க சார், காத்துல வீசினதை யாரு பாத்தா?" என்றார். நல்ல மனுஷன், இத்தனை நாள் அவரைத் தப்பாக நினைத்துவிட்டேன். "நான் பாத்தேனே" என்றேன். பர்னடீன் பென்சிலை எடுத்து, தொண்ணூற்றேழை அழித்துத் தொண்ணூற்றெட்டு போட்டாள். "நூத்தியெண்பது. கீழ இல்ல. அடுத்த வருஷம் வா லீலண்ட்" என்றாள்.

வண்டி நிறுத்தும் இடத்தில் உன் அக்காவும் நானும் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தோம். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, வியர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

"ஏன் சொன்ன?" என்றாள்.

"முப்பது வருஷம் யாரோட வேலியையும் அரை அங்குலம் தள்ளிப் போடாதவன் நான். இப்ப எனக்கே தள்ளிப் போட்டுக்கறதா?"

"அந்தக் கோப்பை மேல உனக்கு அவ்ளோ ஆசையா?"

"கோப்பை யாருக்கு வேணும்? காலைல கண்ணு முழிச்சா நீ இல்ல, கோரின். அதான்."

அவள் கப்பைக் கீழே வைத்தாள். "இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சொல்லலாம்னுதான் பாத்தேன். நீ ஓடிட்ட."

அதற்கு அவள் சிரித்த சிரிப்பில் காப்பி என் சட்டையெல்லாம் கொட்டியது. போட்டிக்கு அவள் டாக்டரோடு ஓடட்டும், மற்ற எல்லாக் காலையும் என்னோடுதான் என்று முடிவாயிற்று. இப்போது மூன்று நாளாக ஆறு மணிக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஓடுகிறோம். ஏழரைக்கு வீடு, முட்டை, ரொட்டி, அவள் கையால் பிளாக்பெர்ரி ஜாம். அந்தப் புதரிலேயே பறித்தது. பிறகு நாள் முழுக்கக் கிடக்கிறது, பேசுகிறோம். இத்தனை வருஷம் ஐந்தேகால் மணி நேரத்தை அந்த மைதானத்தில் கொட்டினேனே என்று நினைத்தால் என்னை நானே உதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. மெதுவாக ஆடுகிறவன் முட்டாள் என்று இதன் மூலம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். ஆகவே அந்தச் சாமான்கள் என் கண்ணில் படவே கூடாது. ஞாயிறு கட்டாயம் வா.

உன் முதுகு நிமிர்ந்து நிற்கட்டும், உன் தோட்டத்துத் தக்காளியை மான் தொடாமல் இருக்கட்டும், உன் வண்டி மலையேறும்போது நடுவழியில் நிற்காமல் இருக்கட்டும். உன் அக்கா முத்தம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
வேகமாக இருக்கும் உன் அத்தான்
லீலண்ட்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை. ஸ்டாம்ப் இல்லாமல் கடிதம் மேஜையிலேயே கிடந்துவிட்டது. நல்லதாயிற்று. புதன்கிழமை உன் அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பயப்படாதே, பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு மாசம் ஓடவே கூடாது, மெதுவாக எவ்வளவு நடந்தாலும் நல்லது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். ஜோடிப் போட்டியில் பல் டாக்டரோடு பர்னடீன் ஓடுகிறாள், விசிலோடு. நேற்று ராத்திரி சாப்பிடும்போது உன் அக்கா கேட்டாள்: "உன் பழைய ஆட்டத்துக்கு எவ்ளோ நேரம் ஆகும்?" ஐந்தேகால் மணி நேரம் என்றேன். "அந்த மடக்கு நாற்காலி இன்னும் இருக்கா?" என்றாள்.

இன்றைக்குப் போனோம். மூன்றாவது குழியில் பழக்கத்தில் நான் பாட்டுக்குப் பந்தை நோக்கி ஓடிவிட்டேன். பின்னாலிருந்து, "யோவ் லீலண்ட், எங்க ஓடுற? நான் இங்க இருக்கேன்!" என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் எண்பது கஜம் பின்னால் இரட்டைக் குடையை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். நூற்று நாலு அடி, முந்நூற்று எழுபது நிமிஷம், ஆக நானூற்று எழுபத்து நாலு. என் வாழ்நாளிலேயே இவ்வளவு மோசமான கணக்கு வந்ததில்லை. அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறோம். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. ஒரு சாமானையும் தொடாதே. ஞாயிறு மட்டும் கட்டாயம் வா, வரும்போது வண்டியில் இன்னொரு மடக்கு நாற்காலியைப் போட்டுக் கொண்டுவா. எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது.