நான் நிமிர்த்திய குழாய்கள்

எனக்குக் கோணல் கோடு பிடிக்காது. இதை ஒரு நல்ல குணம் என்றுதான் இருபத்தோரு வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் கடைசி. ஐ.டி.ஐ.யில் படம் வரையப் படித்துவிட்டு, ராஜபாளையத்தில் ஒரு குடிநீர்க் குழாய் கான்ட்ராக்டரிடம் சேர்ந்திருந்தேன். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகச் சொன்னார். ஆக்காவிட்டால் தேவதானத்து மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டு என்றார் அப்பா. (மாப்பிள்ளை நல்லவர்தான். எனக்கு வேலையும் வேண்டியிருந்தது.)

முதல் வேலை, ஸ்ரீவில்லிபுத்தூர்க் குழாய்களின் பழைய படத்தைப் பிரதி எடுப்பது. கொட்டிய இடியாப்பம் மாதிரி கிடந்தது. எது எதில் சேர்கிறது என்று பார்ப்பதற்குள் தலை சுற்றியது. உடனே எனக்குள் இருந்த மேதாவி எழுந்துவிட்டாள். வளைந்த குழாய்களை நிமிர்த்தினேன். நெருங்கிக் கிடந்தவற்றை விலக்கினேன். கோடுகள் ஒன்றையொன்று வெட்டாதபடி வால்வுகளைத் தள்ளி வைத்துச் சிவப்பு மையில் எண் போட்டேன். கீழே காலியாக இருக்கிறதே என்று பழைய படத்திலிருந்த அளவையும் எழுதினேன்: ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து மீட்டர்.

"எம்புட்டு தெளிவு!" என்று முதலாளி அதைச் சுவரில் மாட்டினார்.

மறுவாரம் ஒரு தெருவில் குழாய் உடைந்தது. வால்வை மூட, ஃபிட்டர் சுப்பையா அண்ணன் என் படத்தில் ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு போனார். முதலாளியோடு நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று குழி தோண்டியிருந்தார். மூன்றாவது, முதலாளியின் அக்கா வீட்டு வாசலில், வளைகாப்புப் பந்தலுக்கு நடுவில்.

"ஏட்டி, ஏழாம் நம்பர் வால்வு எங்க?"

"அடுத்த தெரு முக்குலண்ணே."

"படத்துல இங்கனதான இருக்கு?"

"அங்க ஒரே சிக்கலா இருந்துச்சு. அதான் செத்த நகத்தி வச்சேன்."

"கோட்ட நகத்துன, சரி. பூமிக்குள்ள கிடக்க வால்வு உன் பின்னாலயே வந்துருமா?"

முதலாளியின் அக்கா வெளியே வந்தார். "ஏலே தம்பி, புள்ளத்தாச்சி இந்தக் குழியத் தாண்டியா மணையில வந்து உக்காரணும்?"

அவமானத்தில் எனக்குக் கண்ணீர் முட்டியது. (அந்தத் தெருவில் அன்று தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை.)

முதலாளி என்னோடு படத்தையும் வெளியே எறியப் பார்த்தார். சுப்பையா அண்ணன்தான் தடுத்தார். "எது எதுல சேருதுன்னு இதுலதான் தெரியுது மொதலாளி. அந்த அளவ மட்டும் அழிக்கச் சொல்லுங்க."

ஒரு மாதம் டேப்போடு தெருத்தெருவாக நடந்தேன். எந்த வீட்டுச் சுவரிலிருந்து எத்தனை அடி என்று ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் எழுதினேன். வேலை நிரந்தரமானது. வேலையை விடாமலே தேவதானத்தாரையும் கட்டிக்கொண்டேன்.

போன மாதம் மகள் கல்யாணப் பத்திரிகைக்கு, மண்டபத்துக்கு வழிகாட்டும் படத்தை நானே வரைகிறேன் என்றேன். தேவதானத்தார் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேண்டாம் தாயி. நம்ம சனம் பூராவும் வேற யாரு வீட்டுப் பந்தியிலயாவது போயி உக்காந்துரும்."