பேனரில் சின்னதாகிப்போன மேல் டிவிசன்

தேயிலைத் தோட்டம், கீழ் டிவிசன்,
மஸ்கெலியா.

மேல் டிவிசன் தேர்க் கமிட்டித் தலைவரும் என் மனைவியின் அண்ணனுமாகிய கணேசமூர்த்தி மச்சான் அவர்களுக்கு, தங்கை கணவன் சுப்பிரமணியம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். மழையும் நலமாகப் பெய்கிறது. அங்கும் அதே மழைதான் என்பதால் தனியாக விசாரிக்கவில்லை.

திருவிழா பேனர் விஷயமாக உங்கள் டிவிசன் இந்த முறை வடம் பிடிக்க வராது என்று சொல்லியனுப்பியிருந்தீர்கள். வலது வடம் உங்களுடையது, இடது எங்களுடையது. நாங்கள் மட்டும் இழுத்தால் தேர் கோயிலைச் சுற்றாது, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குள் போய் நிற்கும். ஆகவே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பேனரை வரைந்தது உங்கள் மருமகள், என் மகள் நிலக்ஷி, அவளுக்கு இதுதான் முதல் வேலை. கம்ப்யூட்டரில் வரைகிற தட்டைப் படம், கலர் பேப்பரைக் கத்தரித்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய மாதிரி இருக்கும். கோயிலை முன்னால் வைத்தாள், எங்கள் மலையை அதன் பின்னால் கரும்பச்சையில் வைத்தாள், உங்கள் மலையை அதற்கும் பின்னால் வெளிறிய பச்சையில் வைத்தாள். இரண்டு மலையிலும் நம் இருவரோடு ஆட்களையும் நிறுத்தினாள், உங்கள் பக்கம் சின்னதாக. அதைப் பார்த்துத்தான் நீங்க, "எங்க மலைக்கு உரமே போடலன்னு காட்டுறீங்களா, எங்க ஆளுங்க என்ன எறும்பா"ன்னு கேட்டது. நானும் புள்ளகிட்ட அதையே கேட்டேன். "அப்பா, தூரத்துல உள்ளது சின்னதாவும் வெளிறியும் இருந்தாத்தான் தட்டைப் படத்துல தூரம் தெரியும். மாமா சின்ன ஆள் இல்ல, தள்ளி நிக்கிறாரு" என்றாள். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு இது புரியவில்லை. ஆனாலும் அப்பன் இல்லையா, "எல்லாரையும் ஒரே அளவா, ஒரே பச்சையா போடு" என்று உத்தரவு போட்டேன். போட்டாள். தூரம் காணாமல் போய், உங்கள் ஆட்கள் எங்கள் ஆட்களின் தலைமேல் ஏறி நின்றார்கள். நீங்கள் சரியாக என் தலையில். உங்க தங்கச்சி இந்திராதேவி பார்த்துட்டு, "அண்ணன் எப்பவும் அங்கதானே நிக்கிது"ன்னா. எங்க ஆளுங்களும் வடத்தத் தொட மாட்டோம்னுட்டாங்க.

ஆகவே பழைய படத்துக்கே திரும்பியிருக்கிறோம். இன்று காலை வெளியே நின்று பார்த்தேன் மச்சான். பனியில் உங்கள் மலை வெளிறித்தான் கிடந்தது. உங்கள் லயத்து வீட்டு வாசலில் ஒருவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார், என் சுண்டுவிரல் நகத்தளவு. நீங்களாகவும் இருக்கலாம். மரியாதைக் குறைவு ஒன்றும் தெரியவில்லை.

உங்கள் மனம் ஆற, என்னை உங்களுக்கும் பின்னால், கடைசி மலை உச்சியில் வைக்கச் சொல்லிவிட்டேன். படத்தில் சின்னதாக இருப்பது குறைச்சல் இல்லை என்பதற்கு நானே சாட்சி. வடம் பிடிக்க வந்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வணக்கத்தையும் சின்னவர்களுக்கு ஆசியையும், தூரத்தைப் பார்த்துக் குறைக்காமல், முழு அளவில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
கடைசி மலை உச்சியிலிருந்து,
சுப்பிரமணியம்

பி.கு.: மாதிரிப் பிரிண்ட் இப்போதுதான் வந்தது. அதில் நான் என்னைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இந்திராதேவி, "ஈ எச்சம் போல" என்று ஈரத்துணியால் என்னைத் துடைத்தாள். துடைத்தும் போகாததால்தான் அது நான் என்று தெரிந்தது. ஆகவே என்னை மட்டும் கோயில் வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் பெரிதாகவே. உங்கள் டிவிசனில் சொல்ல வேண்டாம்.