மூணு ஸ்பிரிங்கில் ஒரு கிளட்ச்

ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பைக்கோட கிளட்ச்சை வீட்டுலயே சரி பண்றது.

வியாதி என்னன்னா, கிளட்ச்சை எவ்வளவு பதமா விட்டாலும் வண்டி கபக்குனு பிடிச்சு ஒரு குதி குதிக்கும். பின்னாடி உக்காந்திருக்கற என் பொண்டாட்டி வித்யாவோட ஹெல்மெட் என் ஹெல்மெட்ல 'டங்'குனு மோதும். மந்தைவெளியிலேர்ந்து திருவான்மியூர் போறதுக்குள்ள பதினோரு டங். அவ எண்ணி வெச்சிருக்கா.

போன வாரம் அடையாறு சிக்னல்ல குதிச்ச குதியில, அவ சித்திக்குன்னு எடுத்துட்டு வந்த ரசத் தூக்கு திறந்துண்டு என் முதுகு பூரா அபிஷேகம். கொதிக்கக் கொதிக்க!

"அடுத்த ஞாயிறு சாயங்காலம் மறுபடியும் சித்தி ஆத்துக்குப் போறோம். ஒரு டங் கேட்டாலும் இந்த வண்டியை வித்துட்டு ஸ்கூட்டர் வாங்கறோம்"னு சொல்லிட்டா.

இவளுக்கு முன்னாடியே என் வாழ்க்கையில வந்த வண்டி சார் அது! சீனியாரிட்டின்னு ஒண்ணு இருக்கா இல்லையா? வாயைத் திறந்து சொல்லத்தான் தைரியம் இல்ல.

தெருமுனையில தாஸ்னு ஒரு மெக்கானிக் இருக்கார். அவர்கிட்ட விட்டிருக்கலாம். ஆனா கெட்ட நேரம் இப்பல்லாம் வீடியோ ரூபத்துல வருது. எவனோ ஒருத்தன் எட்டே நிமிஷத்துல கழட்டி மாட்டிட்டான். கிளட்ச் தட்டெல்லாம் ஒரு கிண்ணத்துக்குள்ள அடுக்கியிருக்கும், நாலு ஸ்பிரிங் அதை அமுக்கிப் பிடிச்சிருக்கும், அந்தக் கிண்ணத்து விளிம்புல பள்ளம் விழுந்தா தட்டு அதுல மாட்டிண்டு குதிக்கும், அரத்தால ராவி வழவழன்னு ஆக்கிட்டா போதும். இவ்வளவுதானேன்னு இறங்கிட்டேன்.

அந்த எட்டு நிமிஷம் எனக்கு மூணு மணி நேரம் ஆச்சு. ஒரு நட்டு மட்டும் ஒரு மணி நேரம் சாப்பிட்டுது. கீழ்வீட்டு சார் வேற பேப்பரும் கையுமா வந்து நின்னு, "இதெல்லாம் திரும்பி மாட்டத் தெரியுமோன்னோ?"னு மூணு தடவை கேட்டார். தாங்க முடியாம எல்லாத்தையும் பக்கெட்டுல அள்ளிண்டு மொட்டைமாடிக்குப் போயிட்டேன்.

மண்ணெண்ணெய்ல கழுவி, பேப்பர் விரிச்சு வெயில்ல வெச்சேன். தட்டு, போல்ட்டு, நாலு ஸ்பிரிங். எல்லாம் பளபளன்னு. ஒரு போட்டோகூட எடுத்தேன். அப்புறம் உக்காந்து ராவ ஆரம்பிச்சேன்.

அன்னிக்கு அமாவாசைங்கறது எனக்கு மறந்தே போச்சு.

என் மாமியார் எங்களோடதான் இருக்காங்க. மாமனாரும் இதே வீட்டுலதான் இருந்தார், தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. அமாவாசை அன்னிக்குக் காக்காய்க்குச் சாதம் வெச்சு, அது வாய் வெச்ச அப்புறந்தான் வீட்டுல இலை விழும். அந்தக் காக்காய் வேற யாரும் இல்ல, மாமனார்தான். நல்ல மனுஷர். ஒரே ஒரு பழக்கம். கண்ணுல நட்டு, போல்ட்டு, ஸ்பிரிங் எது பட்டாலும் எடுத்து சட்டைப் பையில போட்டுப்பார். யாரோடதுன்னு கேக்க மாட்டார். "எதுக்காவது உதவும்"பார்.

மாமியார் மாடிக்கு வந்து, சாதத்தைக் கைப்பிடிச் சுவர்ல வெச்சுட்டு, "கா... கா..."ன்னு கூப்பிட்டாங்க.

வந்துது. ஒரே ஒரு காக்கா. சாதத்தைத் திரும்பிக்கூடப் பாக்கல. தத்தித் தத்தி என் பேப்பர் பக்கம் வந்து, தலையைச் சாய்ச்சுப் பாத்து, ஒரு ஸ்பிரிங்கை லபக்குனு கவ்விடுச்சு.

"ஏய்!"னு கத்திண்டு செருப்பைக் கழட்டி ஓங்கிட்டேன்.

"ஐயோ மாப்ளே! விரட்டாதீங்கோ! அவர்!"

"எவர்?"

"அவரேதான்! ஸ்பிரிங்கைக் கண்டா விட்டுட்டுப் போவாரா அவர்?" மாமியார் கண்ணுல தண்ணி தளும்பறது.

சத்தம் கேட்டு வித்யா மேல வந்தா. ஸ்பிரிங்கோட தண்ணித் தொட்டி மேல காக்கா, செருப்போட நான், அழற அம்மா. மூணையும் பாத்தா.

"எங்கப்பாவையா செருப்பால அடிக்கப் போனீங்க?"

செருப்பை முதுகுக்குப் பின்னாடி மறைச்சேன்.

"நயமா கேட்டுப் பாருங்கோ மாப்ளே. நீங்கன்னா அவருக்குக் கொஞ்சம் பிரியம் உண்டு"ன்னாங்க மாமியார். கொஞ்சம்!

செருப்பைக் கீழ போட்டேன். கையைக் கூப்பினேன். "மாமா... அது கிளட்ச் ஸ்பிரிங் மாமா. ஜோடியா வேலை செய்யறது. குடுத்துடுங்கோ மாமா." பக்கத்து மாடியில துணி உலர்த்திண்டிருந்த ஒரு அம்மா பாதி உதறின போர்வையோட அப்படியே நின்னுட்டாங்க.

மாமா என்னை ஏற இறங்கப் பாத்தார். பொண்ணு பாக்க வந்த அன்னிக்குப் பாத்த அதே பார்வை. அப்புறம் கோயில் கோபுரம் பக்கமா பறந்துட்டார்.

சாதத்தை வேற ஏதோ ஒரு காக்கா வந்து சாப்பிட்டுது. நாங்களும் சாப்பிட்டோம்.

மிச்சம் மூணு ஸ்பிரிங். சாயங்காலம் சித்தி வீடு. தாஸ்கிட்ட ஓடிப் போய் ஒரு ஸ்பிரிங் வாங்கியிருக்கலாமேன்னு கேப்பீங்க. ரோஷம் சார், ரோஷம்! நாலு கால் நாற்காலி மூணு காலுல நிக்குமான்னு மனசு கேட்டுது. ஆட்டோவே மூணு சக்கரத்துல ஓடறதேன்னு பதில் சொல்லிட்டு மூணையே மாட்டிட்டேன்.

சாயங்காலம் பட்டுப்புடவையோட வித்யா ஏறினா. முதல் கியர். கிளட்ச்சை விட்டேன்.

டங் இல்ல!

"பாத்தியா? குதிக்கவே இல்ல!"

"நகரவும் இல்ல"ன்னா.

ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். என்ஜின் ஓன்னு அலறித்து. வண்டி மட்டும் சாமி புறப்பாடு மாதிரி ஆடி அசைஞ்சு போறது. வாக்கிங் போயிண்டிருந்த கீழ்வீட்டு சார் எங்களைத் தாண்டிப் போனார். போறவர், "நான் அப்பவே கேட்டேன்"னார். இருபதடி தாண்டறதுக்குள்ள தீயற நாத்தம். நின்னுட்டோம்.

தெருமுனை வரைக்கும் நான் தள்ள, பின்னாடி பட்டுப்புடவை தள்ள, தாஸ் கடை வாசல்ல போய் நின்னோம்.

தாஸ் கவரைக் கழட்டி உள்ள எட்டிப் பாத்தார். "இன்னா சார், மூணுதான் கீது?"

"அதான் இருந்துது. போடுங்க."

அவர் தீஞ்ச தட்டைத் தூக்கிப் போட்டுட்டு, புதுத் தட்டு, புதுசா நாலு ஸ்பிரிங் போட்டார். "அரம் போட்டது சோக்கா கீது சார்"னு ஒரு வார்த்தை சொன்னார் பாருங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு.

வித்யாவை ஏத்திண்டு தெருவை ஒரு சுத்து சுத்தினேன். நாலு ஸ்பீடு பிரேக்கர், ரெண்டு மாடு, ஒரு தண்ணி லாரி. ஒரு டங் இல்ல!

இறங்கினா. புடவையைச் சரி பண்ணினா. "சரி, இருந்துட்டுப் போட்டும்"னா. வண்டியைத்தான் சொன்னா, என்னையும் சேத்துன்னு வெச்சுக்கிட்டேன்.

தாஸ் கையைத் துடைச்சுண்டே கேட்டார். "ஆமா, அந்த நாலாவது ஸ்பிரிங் எங்க சார் போச்சு?"

"எங்க மாமனார் எடுத்துட்டுப் போயிட்டார்."

"பெரியவரு தவறி ரெண்டு வருசம் ஆவுதே?"

"இன்னிக்கு மத்தியானம் வந்திருந்தார்."

தாஸ் கை துடைச்ச துணியைத் தோள்ல போட்டுண்டார். மனுஷன் துளி பயப்படல.

"வந்தாரா? என்னாண்ட வாங்கினு போன பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனரைப் பத்தி எதுனா சொன்னாரா?"