கட்டத்தாரின் கடைசிக் கட்டம்

சந்தைக்குப் போவதற்கும் கட்டம் கட்டமாகப் படம் கீறித் திட்டம் போட்டவர் துணுக்காயிலேயே ஒருவர்தான். முதல் கட்டத்தில் சைக்கிள், அடுத்ததில் கத்தரிக்காய், அதற்கடுத்ததில் மனைவியின் ஏச்சு. பெரும்பாலும் ஏச்சு மட்டும் திட்டப்படி நடக்கும். ஊர் அவரைக் கட்டத்தார் என்றது.

தொழில் கலியாண வீடியோ எடுப்பது. நான் அவருக்கு எடுபிடி. மலேரியா ஊரை உலுப்பிய தொண்ணூறுகளில் ஆஸ்பத்திரித் தாதி மிஸ்ஸி அவரிடம் வந்தார். காய்ச்சல் விட்டதும் சனம் மருந்துக் குளிசையைப் பாதியில் நிறுத்த, காய்ச்சல் திரும்பி வந்துகொண்டிருந்தது.

“சனத்துக்கு விளங்கிறமாதிரி ஒரு சின்னப் படம் எடுத்துத் தாங்கோ அண்ணை.”

“கார்ட்டூனாவே எடுப்பம்,” என்றார் கட்டத்தார். அவர் அதுவரை கார்ட்டூன் எடுத்ததில்லை.

வீட்டு மண்சுவரில் கரியால் கதையைக் கீறினார். நுளம்பு கடிக்கிறது, மனிதன் நடுங்குகிறான், ஆஸ்பத்திரியில் குளிசை வாங்கி விழுங்கிப் படுக்கிறான், எழும்பி மாடுகளோடு வயலுக்குப் போகிறான். பழைய கலியாண அழைப்புக் காட்டுகளை வெட்டி உருவங்கள் செய்தோம். மனிதனுக்கு உடுத்த, தான் இடுப்பில் கட்டும் நீலச் சாரத்திலேயே ஒரு துண்டு வெட்டினார். நான் உருவத்தை மயிரிழை நகர்த்துவேன். அவர் கமெராவை ஒரு தட்டுத் தட்டி நிறுத்துவார். நாள் முழுக்க மினக்கெட்டால் நுளம்பு ஒரு சாண் பறந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை அவர் மனைவி வழமைபோல வீட்டை மெழுகினார். சுவரோடு கதையும் போயிற்று.

“என்னப்பா, என்ர படத்தை அழிச்சுப்போட்டீர்?”

“வெள்ளிக்கிழமை மெழுகாம உங்கட நுளம்பை வைச்சுக் கும்பிடுறதே?”

அவர் மறுபடி கீறினார். வெள்ளிக்கு வெள்ளி கதை குறுகியது. கதையிலிருந்து முதலில் ஆஸ்பத்திரி போனது, பிறகு மாடுகள். “இப்பதான் கதை இறுக்கமா வருது,” என்பார்.

இதற்கிடையில் நுளம்பு அவரையே கடித்துவிட்டது. நடுங்கும் காட்சியைக் காய்ச்சலோடு எடுத்தார். “மனிசனை ஆட்டத் தேவையில்லை. கமெராவே ஆடுது.” காய்ச்சல் விட்டதும், கைக்குது என்று அவரும் குளிசையை நிறுத்தினார். அது திரும்பி வந்தது. மனிதன் விழுங்கிப் படுத்த காட்சியோடு கமெராவின் பற்றரியும் செத்தது. போர்த் தடையால் வன்னிக்குள் பற்றரி வராத காலம் அது.

எடுத்தவரைக்கும் பார்த்த மிஸ்ஸி தலையில் கைவைத்தார். “குளிசை போட்டவன் எழும்பேல்லையே அண்ணை! இதைப் பாத்தா ஒருத்தரும் வாயிலயும் வைக்க மாட்டினம்.”

கட்டத்தார் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி, சுவரில் இன்னும் எடுக்காமல் கிடந்த வயல் கட்டத்தைத் தொட்டார்.

“மிச்சக் குளிசையைத் தாங்கோ மிஸ்ஸி. கடைசிக் கட்டம் நான்தான்.”

முகத்தைச் சுளித்துச் சுளித்து, நாள் தவறாமல் அத்தனையையும் விழுங்கி முடித்தார்.

படம் காட்டிய அன்று ஆஸ்பத்திரி முற்றத்தில் ஜெனரேற்றர் இரைந்தது. டிவியில் மனிதன் படுத்தான், படம் நின்றது. டிவிக்குப் பின்னாலிருந்து, துண்டு வெட்டிய ஓட்டை தெரிய, அதே நீலச் சாரத்தோடு கட்டத்தார் எழும்பினார். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, யாரையும் பாராமல் வயல் பக்கம் நடந்தார்.

“மனிசன் சுகமாயிட்டான்!” என்று கத்தினார் ஒருவர். குளிசையைப் பாதியில் விட்டவர்கள் மிஸ்ஸியைச் சுற்றிக்கொண்டார்கள்.

கட்டத்தார் மட்டும் திரும்பவில்லை. திரும்பி வருவதற்கு அவர் கட்டம் கீறியிருக்கவில்லை. வாய்க்கால் வரம்பில் மண்வெட்டியோடு விறைத்து நின்றவரை நான்தான் போய்க் கூட்டிவந்தேன். கையைப் பிடித்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. வீடு வரும்வரை அந்தக் கையை விட எனக்கு மனம் வரவில்லை.